வேலூர் மாவட்டம் மூணாப் பிரிஞ்சதை 1,846 வரியில மாத்தணும்: செட் (sed) போதுமா, ஆக் (awk) வேணுமா?

குடியாத்தம் தறி:
வணக்கம். எங்க அப்பா குடியாத்தத்துல கைத்தறி லுங்கி மொத்த வியாபாரம் பண்ணினவர். அவர் தவறி ரெண்டு வருஷம் ஆவுது. வாடிக்கைக் கடைங்க முகவரி எல்லாம் ஒரு நீள நோட்டுல அவர் கையெழுத்துல இருக்குது. பொங்கலுக்கு எல்லாருக்கும் அவர் போடுற கடிதத்தை நிறுத்த எனக்கு மனசு வரல. நோட்டு முழுசையும் டெக்ஸ்ட் ஃபைலா அடிச்சுட்டேன். ஒரு வரி இப்படி இருக்கும்:

துணிக்கடை|வேலூர் ரோடு|ஆற்காடு|ஆற்காடு|வேலூர்|632503

கடை, தெரு, ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு. சிக்கல் அஞ்சாவது கட்டத்துலதான். 2019ல மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணானப்புறமும் அப்பா நோட்டைத் திருத்தல. பழைய பக்கங்கள்ல இன்னும் 'வட ஆற்காடு'ன்னே இருக்குது. 1989ல திருவண்ணாமலை பிரியறதுக்கு முன்னாடி எழுதினது அது. ஆரணி, செய்யாறு, போளூர் கடைங்களும் அதுல சேர்த்தி. பின்கோடு சரியா இருந்தா கடிதம் போயிடும்னு தெரியும். ஆனா போன பொங்கலுக்கு ஆம்பூர்க் கடைக்காரர் ஒருத்தர் ஃபோன் பண்ணி, "இப்ப நாங்க திருப்பத்தூர் மாவட்டம்மா"ன்னார். அப்பா பேர்ல போற கடிதம், சரியா போகணும்.

'ஆற்காடு' இருக்கிற வரியில 'வேலூர்' வந்தா 'ராணிப்பேட்டை'ன்னு மாத்தச் சொல்லி செட்ல (சொல்லைத் தேடி மாத்துற கட்டளை) கொடுத்தேன். மேல இருக்கிற வரியில தெரு 'ராணிப்பேட்டை ரோடு' ஆயிடுச்சு, மாவட்டம் வேலூராவே நின்னுடுச்சு. கடைசியில ஜி (வரியில வர்ற எல்லா இடத்துலயும் மாத்தச் சொல்ற குறி) சேர்த்தா ரெண்டும் மாறுது. லாங்கு பஜார் கடை ஒண்ணு 'வேலூர்|வேலூர்|வட ஆற்காடு'ன்னு இருந்தது. 'வட ஆற்காடு'க்குள்ள 'ஆற்காடு' இருக்கிறதால ஊர், வட்டம் ரெண்டும் ராணிப்பேட்டை ஆயிடுச்சு. இதை எப்படிச் செய்யறது?

பாலாற்று மணல்:
பின்கோடு வச்சுப் பாருங்க அக்கா. ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751, திருப்பத்தூர் 635601. 635ன்னு ஆரம்பிச்சா திருப்பத்தூர்னு போட்டுடலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி, அது தப்பாயிடும். பேரணாம்பட்டு 635810, ஆனா வேலூர் மாவட்டம். கிருஷ்ணகிரிகூட 635001தான். தபால்காரங்க எல்லை வேற, கலெக்டர் ஆபீஸ் எல்லை வேற.

அம்மா, உங்ககிட்டதான் வட்டம் தனிக் கட்டமா இருக்குதே, அதையே பிடிங்க. முதல்ல ஒரு சின்ன ஃபைல் எழுதுங்க, வட்டத்துக்கு ஒரு வரி:

ஆற்காடு|ராணிப்பேட்டை
பேரணாம்பட்டு|வேலூர்
நாட்றம்பள்ளி|திருப்பத்தூர்
போளூர்|திருவண்ணாமலை

ஆக்குக்கு (வரியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு வேலை செய்யற கட்டளை) இதை முதல்லயும் முகவரி ஃபைலை ரெண்டாவதாவும் கொடுங்க. அதுல என்ஆர் (NR) மொத்த வரியை எண்ணும். எஃப்என்ஆர் (FNR) ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் முதல் ஃபைல்ல இருக்கோம்; அப்ப $1ஐ (முதல் கட்டம்) சாவியா வச்சு $2ஐ (ரெண்டாவது கட்டம்) ஒரு அரேயில (நினைவுல வச்சுக்கிற பட்டியல்) போட்டுட்டு நெக்ஸ்ட் (அடுத்த வரிக்குப் போகச் சொல்றது). அடுத்த ஃபைல்ல $4 அந்த அரேயில இருந்தா $5ஐ மட்டும் மாத்துங்க. தெருப் பேரு $2, அது பக்கமே போகாது.

எஃப்எஸ் (FS, படிக்கும்போது கட்டத்தைப் பிரிக்கிற குறி), ஓஎஃப்எஸ் (OFS, எழுதும்போது பிரிக்கிற குறி) ரெண்டுக்கும் '|' கொடுக்கணும். ஓஎஃப்எஸ் விட்டுட்டா $5 மாறின வரியில கோடெல்லாம் போய் வெறும் இடைவெளி வந்துடும். விண்டோஸ் நோட்பேட்ல அடிச்சிருந்தா வரிக் கடைசியில கேரியேஜ் ரிட்டர்ன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கும். மாவட்டப் பேரோட சேர்ந்து வந்து பின்கோடுக்கு முன்னாடி உக்காந்துக்கும். டிஆர் (tr, எழுத்தை மாத்தவோ நீக்கவோ செய்யற கட்டளை) வச்சு அதை முதல்ல எடுத்துடுங்க.

அரேயில இல்லாத வட்டம் வந்தா ஊகிச்சு எதையும் போடாதீங்க. அந்த வரிங்களைத் தனி ஃபைல்ல எழுதச் சொல்லுங்க. மூல ஃபைலைத் தொடவே வேணாம், செட்டோட மைனஸ் ஐ (-i, மூல ஃபைலையே மாத்திடும்) உங்களுக்கு இப்ப ஆகாது.

குடியாத்தம் தறி:
ரொம்ப நன்றிங்கண்ணா. 1,785 வரி சரியா வந்துடுச்சு, 61 தனி ஃபைல்ல. 'ஆர்க்காடு', 'நாட்டறம்பள்ளி', 'வாலாஜாபேட்டை'ன்னு விதவிதமா அடிச்சிருக்கேன், அதையும் சின்ன ஃபைல்ல சேர்த்துட்டேன். ஆனா போளூர் 22 வரி சேரவே மாட்டேங்குது. எழுத்துக்கு எழுத்து பார்த்துட்டேன், ஒரே மாதிரிதான் இருக்குது.

ஒற்றைக்கொம்பு:
அந்த 22 வரியும் பழைய எழுத்துருவுல இருந்து யூனிகோடுக்கு மாத்தினதா? 'போ'வை ரெண்டு விதமா எழுதலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடா இருக்கலாம், இல்ல ஏகாரக் கொம்பு ஒண்ணு, கால் ஒண்ணுன்னு ரெண்டா இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எக்ஸ்எக்ஸ்டியில (xxd, ஃபைல்ல இருக்கிற பைட்டைக் காட்டுற கட்டளை) பாருங்க: ஒண்ணு 6 பைட், இன்னொண்ணு 9 பைட். ஆக் பைட்டைத்தான் ஒப்பிடுது. ரெண்டு ஃபைலையும் யூகான்வ் (uconv, யூனிகோடு மாத்துற கட்டளை) வழியா என்எஃப்சிக்கு (NFC, இப்படிப் பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேர்த்து எழுதற முறை) கொண்டுவந்துட்டு ஓட்டுங்க.

குடியாத்தம் தறி:
ஆமாங்க, அந்தப் பக்கங்களை மட்டும் தம்பி பழைய டிடிபி ஃபைல்ல இருந்து மாத்திக் கொடுத்தான். இப்ப 22ம் திருவண்ணாமலைக்குச் சேர்ந்துடுச்சு.

மிச்சம் நாலு வரி, வட்டமே எழுதாதது. ஒண்ணுல அப்பா 'மேல்பட்டி ஸ்டேஷன் எதிரில்'னு மட்டும் எழுதியிருக்கார். அம்மாகிட்ட நோட்டைக் காட்டினேன். நாலு கடையும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது, ஒண்ணு ஒண்ணா சொல்லச் சொல்லக் கையாலயே போட்டேன். லேபிள் அச்சாகிட்டிருக்குது.