மறு: மெட்டாசர்ஃபேஸ் – நுண்தூண் பரப்பா, மீப்பரப்பா?

வணக்கம் நண்பர்களே,

மெட்டாசர்ஃபேஸ் என்பது அலைநீளத்தைவிடச் சிறிய அலகுகளை வரிசையாக வைத்து ஒளியைத் திருப்பும் மெல்லிய பரப்பு. அதற்குத் தமிழில் 'நுண்தூண் பரப்பு' என்று வைக்கலாம் என்கிறார்கள். கேட்டதும் புரிகிற சொல்தான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. 2011-இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாசோ குழு செய்து காட்டிய பரப்பில் தூணே கிடையாது, சிலிக்கான் மேல் 'வி' எழுத்து வடிவத்தில் குட்டிக் குட்டித் தங்க அலைவாங்கிகள் (ஆன்டெனாக்கள்), அவ்வளவுதான். அதில் ஒளியின் சிறு பங்குதான் நாம் சொன்ன பக்கம் திரும்பியது. உலோகம் ஒளியை விழுங்கவும் செய்யும். அதனால்தான் பிறகு டைட்டானியம் டையாக்சைடு போன்ற மின்காப்புப் பொருள்களுக்குப் போனார்கள். 2016-இல் அதே குழு செய்த வில்லையில் சுமார் 600 நானோமீட்டர் உயரத் தகடுகள், 405 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைக் குவிக்கும் திறன் 86 சதவீதம் வரை வந்தது. நாளைக்குத் துளைகளை வைத்துச் செய்தால் பெயரை மாற்றுவோமா?

'தட்டை வில்லை' என்ற பெயரும் சரிவராது, விளிம்புவிளைவு (டிஃப்ராக்‌ஷன்) வில்லைகளும் தட்டைதானே.

இங்கே வேலை செய்வது கட்டம் (ஃபேஸ்), அதாவது ஒளியலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. கண்ணாடி வில்லையில் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளி தாமதமாகிறது. இங்கே அலைநீளத்தைவிடச் சிறிய இடைவெளியில் நிற்கும் ஒவ்வொரு அலகும் அதன் அகலத்தாலோ, நிற்கும் கோணத்தாலோ அந்தத் தாமதத்தைத் தருகிறது. அந்த 2016 வில்லையில் எல்லாத் தகடும் ஒரே அளவு, திருப்பி வைத்த கோணம் மட்டுமே வேறு. வட்டத் தளவிளைவு பெற்ற ஒளிக்கு, அதாவது மின்புலம் சுழன்றபடி வரும் ஒளிக்கு, அதுவே போதும். இதற்கு அடிப்படையான வடிவியல் கட்டத்தை (ஒளியின் தளவிளைவு மாறும் பாதையால் வரும் கட்ட மாற்றம்) 1956-லேயே பெங்களூரில் இருந்து எழுதியவர் இயற்பியலாளர் பஞ்சரத்தினம் (சர் சி.வி. ராமனின் சகோதரி மகன், இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?).

ஆக, பொருளின் இயல்பைத் தாண்டி அமைப்பால் வரும் குணம். அந்தத் 'தாண்டி'தான் 'மெட்டா', அதற்கு 'மீ' பொருந்தும். 'மீ' என்றால் 'சூப்பர்' என்று ஆகிவிடும் என்கிற தயக்கம் புரிகிறது, ஆனால் மீயொலியில் அது செவிக்கு அப்பால் என்றுதான் நிற்கிறது. மீப்பொருள் (மெட்டாமெட்டீரியல்), மீப்பரப்பு (மெட்டாசர்ஃபேஸ்), மீவில்லை (மெட்டாலென்ஸ்) என்று ஒரே குடும்பமாக வரட்டும்.

பரப்பில் நிற்கும் ஒவ்வொரு அலகையும் குறிக்கும் 'மெட்டா ஆட்டம்' என்பதற்கு மட்டும் 'மீயணு' வேண்டாம், மாணவர்கள் உண்மையிலேயே ஏதோ அணு என்று நினைப்பார்கள். 'பரப்பலகு' போதாதா? அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் கட்டத்துக்கு 'அவத்தை' என்றுதான் இருக்கும், கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.