வாஷிங்டன் திருவிருந்து எடுத்தாரா? சான்று தேடுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களின் கிறிஸ்தவ விசுவாசம் பற்றி வரும் ஞாயிறு எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேச வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டனிடம் வந்து நின்றுவிட்டேன்: அவர் திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறும் சடங்கு) எடுத்தாரா என்பது தெரியவில்லை.

மற்றவர்களைப் பற்றி ஓரளவு தெளிவு இருக்கிறது. விதர்ஸ்பூன் போதகர், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். பிராங்க்ளினோ இயேசுவின் தெய்வீகத்தில் தனக்குச் சந்தேகம் உண்டென்று 1790இல், சாகும் முன், எழுதியே வைத்துவிட்டார்.

வாஷிங்டன் வர்ஜீனியாவில் ட்ரூரோ சபையின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். ஆனால் அவர் வீட்டில் வளர்ந்த, அவர் மனைவியின் பேத்தி நெல்லி 1833இல் எழுதிய கடிதம் என்னை உலுக்குகிறது: திருவிருந்து ஞாயிறுகளில் ஆசீர்வாதம் முடிந்ததும் தாத்தா தன்னோடு கிளம்பிவிடுவார், பிறகு பாட்டியை அழைத்துவர வண்டி அனுப்புவார் என்கிறார். புரட்சிக்கு முன் அவர் எடுத்ததாகத் தன் அம்மா சொன்னார் என்று நெல்லி எழுதியதும் அதே கடிதத்தில்தான். அதுவும் கேள்விப்பட்டதுதானே!

அவருடைய டைரிகளைப் புரட்டினேன். ஆலயம் போன நாட்கள் இருக்கின்றன, திருவிருந்து என் கண்ணில் படவில்லை. போர்க்கால முகாமான வேலி ஃபோர்ஜில் அவர் முழங்காலிட்டு ஜெபித்த கதை அவர் இறந்த பிறகு அச்சானது, அதை ஒதுக்கிவிட்டேன்.

அவர் திருவிருந்து எடுத்ததை நேரில் பார்த்தவர், அவர் இறந்த 1799க்குள் எழுதிவைத்த சான்று ஏதாவது உண்டா?