மலையில் காய் வேக மறுக்கிறது: எண்ணெயும் உப்பும் குறைத்துச் சமைக்க வழி சொல்லுங்கள்

கடற்கரை மருமகள் (ஊட்டி, பிங்கர்போஸ்ட்)

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு மாற்றல் வந்து தூத்துக்குடியிலிருந்து ஊட்டிக்குக் குடிவந்திருக்கிறோம். இங்கே காய்க்குப் பஞ்சமில்லை. கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ், நூல்கோல், மேரக்காய் என்று பை கனக்க வாங்கிவருகிறேன். அடுப்பில் ஏற்றும்போதுதான் வம்பு. ஊரில் வேகும் நேரத்தில் இங்கே பீன்ஸ் வேகவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டால் பச்சை போய்ப் பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிடுகிறது. ருசியும் தண்ணீரோடு போய்விடுகிறது. புளிக்குழம்பில் போட்ட உருளைக்கிழங்கு கடைசி வரை கல்லாகவே கிடக்கிறது. ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

மாமாவுக்கு இரத்த அழுத்தம். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஆகவே எண்ணெயை ஊற்றி வதக்கித் தள்ளவும் வழியில்லை. மலையில் பழகியவர்கள் எப்படிச் சமைக்கிறீர்கள்?

கேத்திப் பாட்டி

கண்ணு, அந்தச் சோடா உப்பை ஆப்பத்துக்கு வைத்துக்கொள். காயில் போட்டால் பச்சை பளிச்சென்று நிற்கும், சீக்கிரம் குழையவும் குழையும். ஆனால் தயாமின் என்கிற பி1 வைட்டமினும் வைட்டமின் சியும் அதில் அழியும். அதுமட்டுமல்ல, அதுவும் சோடியம்தான். மாமனாருக்கு உப்பைக் குறைத்துவிட்டுக் கொல்லைப்புறமாக ஏற்றுவானேன்?

உன் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதே இல்லை. 93 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. காய் வேக நேரம் கூடுதலாகத்தான் ஆகும். அந்த நேரத்தை நிறையத் தண்ணீருக்குள் கழிக்கவிடுவதில்தான் எல்லாம் கெடுகிறது. வைட்டமின் சியும் பி வகைகளும் தண்ணீரில் கரைபவை. வடித்துக் கொட்டினால் அவையும் சாக்கடைக்குத்தான் போகும்.

பீன்ஸை எடுத்துக்கொள். நகம் அளவுக்கு ஒரே சீராக நறுக்கு; பெரிதும் சிறிதுமாக இருந்தால் ஒன்று குழையும், ஒன்று நறநறக்கும். அடிகனமான வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, உளுந்து, கிள்ளிய மிளகாய். காயைக் கொட்டிப் பிரட்டி, கை நனைத்துத் தெளிக்கிற அளவுக்குத் தண்ணீர். முதலில் சற்று நேரம் மூடாதே. காயிலிருந்து கிளம்பும் ஒருவிதப் புளிப்புதான் பச்சை நிறத்தைக் கெடுப்பது. அது ஆவியோடு வெளியே போகட்டும். பிறகு குழிவான தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வை. கீழே எழும்பும் ஆவி தட்டின் அடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் காயின் மேலேயே விழும். அடி பிடிப்பதுபோல் இருந்தால் தட்டில் இருக்கும் வெந்நீரிலேயே இரண்டு கரண்டி எடுத்துத் தெளி. பச்சைத் தண்ணீர் விட்டால் வேகிற சூடு தணிந்துவிடும். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும்போதே இறக்கு. உப்பைக் கடைசியில் தூவு. மேலாக நிற்கும் உப்பு, அளவு குறைந்தாலும் நாக்குக்குத் தெரியும். தேங்காய்த் துருவல் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு.

புளியும் இதே கதைதான். புளிப்பு இருக்கிற இடத்தில் காயின் நார் இளகாது. மலையில் கேட்கவே வேண்டாம். உருளைக்கிழங்கைத் தோலோடு தனியாக வேகவைத்து, குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் சேர். பச்சை படர்ந்த கிழங்கை வாங்காதே.

பீட்ரூட்டை நறுக்கி வேகவைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பாதிச் சிவப்பு தண்ணீரில் போய்விடும். தோலோடு, காம்பை ஒரு விரல் நீளம் விட்டு, முழுதாக இட்லிப் பானையில் ஆவியில் வை. நேரமாகும், ஆகட்டும். வெந்ததும் தோல் கையோடு வரும். கேரட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தேவை. அதிலிருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். எண்ணெயே இல்லாமல் சமைப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்.

முட்டைக்கோஸ் கந்தக வாடை அடித்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். மெல்லியதாக அரிந்து, ஊறவைத்த பாசிப்பருப்போடு, திறந்த வாணலியில் பிரட்டி எடு.

கேரட் வாங்கும்போது மண்ணோடு வாங்கு. இயந்திரத்தில் கழுவிப் பளபளப்பது வெளியூர் லாரிக்குப் போவது; வீட்டில் வைத்தால் மண் கேரட்தான் நாள் தாங்கும். கடைசியில் மிஞ்சும் காய்த் தண்ணீர் எதுவானாலும் ரசத்தில் ஊற்று.

ஓய்வுபெற்ற செவிலி (குன்னூர்)

பெரியம்மா சொன்னதில் கடைசி வரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் சிலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். அப்படியானால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். அவர்களுக்கு இதே காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டித்தான் கொடுக்க வேண்டும். மாமனாரின் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ரசத்துக்குப் போங்கள். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் அப்பளமும் அதற்குள்தான் அடக்கம். பொரியலில் உப்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தட்டோரம் ஊறுகாய் வைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மன்னவனூர்க்காரன்

நாங்கள் பழனி மலைப் பக்கம். பாட்டி சொல்வதெல்லாம் சரிதான். எரிவாயு விலையை யார் கொடுப்பது? கிழங்கு, பயறு வகைகளுக்குக் குக்கர்தான் மலைக்காரனின் நண்பன். குக்கரும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தை ஏற்றுகிறது. ஆகவே தூத்துக்குடியில் உள்ளே 120 டிகிரி என்றால் இங்கே 116, 117 இருக்கும். ஒரு விசில் கூடுதலாக விட்டால் கணக்கு நேராகிவிடும். காய்ந்த ராஜ்மாவை மட்டும் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம்.

உப்பு குறைந்த பொரியலுக்குப் பூண்டு தட்டிப் போடுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமை என்பதற்காகச் சொல்லவில்லை, காரம் நிஜமாகவே தூக்கல். இரண்டு பல் போதும். உப்பு எங்கே என்று யாரும் தேடமாட்டார்கள்.

கடற்கரை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. மாமாவின் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மூடும் முறையில் இன்று பீன்ஸ் வைத்தேன். மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

பாட்டி, இன்னும் ஒன்று. பீட்ரூட்டோடு வரும் இலையை வெட்டி எறிந்துவிடச் சொல்கிறார் காய்க்காரர். அது கீரைதானே, சாப்பிடலாமா?

கேத்திப் பாட்டி

எறியாதே. நூல்கோல் இலை, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை எல்லாமே கீரைதான். மூன்று தண்ணீரில் அலசு, மண் நிறைய இருக்கும். தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வதக்கு, இலையைப் பிறகு போடு. கீரை தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், நீ ஊற்ற வேண்டாம். உப்பை இலை சுருங்கியபின் பார்த்துப் போடு. வாணலி நிறைய இருக்கும்போது போட்டால் கரித்துவிடும். காய்க்காரரிடம் இலையைச் சேர்த்தே கட்டித் தரச் சொல், அதற்குத் தனிக் காசு கேட்கமாட்டார்.