வூல்வொர்த் கட்டடம் ஏன் வளைகிறது?

நண்பர்களே, ஓர் உதவி. அமெரிக்க ஓவியர் ஜான் மாரின் 1912-ல் நீர்வண்ணத்தில் வரைந்த நியூயார்க் வூல்வொர்த் கட்டட ஓவியங்களில் 31-ஆம் எண்ணுள்ளதை (வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருப்பது) எப்படிப் புரிந்துகொள்வது? 1913-ல் திறந்தபோது 241 மீட்டரோடு உலகிலேயே உயரமான கட்டடம் அது, ஆனால் ஓவியத்தில் கோபுரம் நிமிர்ந்தே நிற்கவில்லை, வளைந்து சாய்கிறது, பல இடங்களில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார், எனக்கு அந்த வெள்ளைதான் ரொம்பப் பிடித்தது. பெரிய கட்டடங்களும் சின்னக் கட்டடங்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று 1913 கண்காட்சிக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். சரி, அப்படியானால் இது பரவசம். எனக்கோ கொஞ்சம் பயமும் தெரிகிறது. நீர்வண்ணம் பழகியவர்கள் சொல்லுங்கள், ஈரம் காய்வதற்குள் வேகமாகப் போட்டதில் வந்த வளைவா, யோசித்தே வளைத்ததா?