நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு முடிஞ்சது: வட சென்னையில் முதல் வேலைக்கு எப்படிப் போறது?

ஒற்றியூர்_சிஸ்டர்:
வணக்கம். பி.எஸ்சி. நர்சிங், அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஐ.சி.யூ., இப்போ எம்.எஸ்சி. நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் (என்.பி.சி.சி., தீவிர சிகிச்சைக்கான மேற்படிப்பு) ரெண்டு வருஷ ரெசிடென்சியும் முடிஞ்சாச்சு. வீடு திருவொற்றியூர். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் விசாரிச்சா "ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட்தான் இருக்கு, வர்றீங்களா"ன்னு கேக்கறாங்க. அதுல சேர்ந்தா படிச்ச படிப்பு வீணாயிடுமா? இன்டர்வியூல என்ன கேப்பாங்க? ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரியில நேரா பயோடேட்டா கொடுக்கலாமா?

ஐசியூ_இன்சார்ஜ்:
சிஸ்டர், போஸ்ட்டோட பேரைத் தேடாம வேலையைத் தேடுங்க. இங்கே முக்கால்வாசி ஆஸ்பத்திரியில ஹெச்.ஆர். பட்டியல்ல ஸ்டாஃப் நர்ஸ், சீனியர் ஸ்டாஃப் நர்ஸ், இன்சார்ஜ், நர்ஸ் எஜுகேட்டர் இவ்வளவுதான் இருக்கும். அதனால ஹெச்.ஆர். கவுன்டர்ல கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டையும் இன்டென்சிவிஸ்ட்டையும் (ஐ.சி.யூ. சிறப்பு டாக்டர்) நேர்ல பாருங்க. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்னு புரிஞ்சுக்கப்போறது அந்த ரெண்டு பேர்தான்.

போறதுக்கு முன்னாடி தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல என்.பி.சி.சி.யைக் கூடுதல் தகுதியா பதிவு பண்ணிடுங்க. பழைய ஆர்.என்., ஆர்.எம். (நர்ஸ், மிட்வைஃப்) பதிவு மட்டும் இருந்தா ஆஸ்பத்திரி ரெக்கார்டுல நீங்க வெறும் பி.எஸ்சி.தான். பட்டச் சான்றிதழ் கைக்கு வர லேட்டானா புரவிஷனலை வெச்சு என்ன செய்யலாம்னு கவுன்சில்லயே கேட்டுக்குங்க. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (உயிர்காப்புப் பயிற்சி) கார்டு தேதியையும் பாருங்க. ரெண்டு வருஷம்தான் செல்லும். படிக்கும்போது எடுத்தது இந்நேரம் முடிஞ்சிருக்கலாம்.

லாக் புக்கை (படிக்கும்போது செஞ்ச செயல்முறைகளோட பதிவேடு) அப்படியே நீட்டாதீங்க, யாரும் புரட்ட மாட்டாங்க. ஒரே பக்கத்துல அட்டவணை போடுங்க: ஆர்ட்டீரியல் பங்க்சர் (தமனியில ரத்தம் எடுக்கறது), ஏ.பி.ஜி. (அந்த ரத்தத்துல வாயு அளவு) விளக்கம், வெண்டிலேட்டர் வீனிங் (மெஷின் உதவியைப் படிப்படியா குறைக்கறது), எக்ஸ்டியூபேஷன் (தொண்டைக்குள்ள வெச்ச செயற்கை சுவாசக் குழாயை எடுக்கறது), கோட் ப்ளூ (இதயம் நின்னா வர்ற அவசர அழைப்பு). எதெல்லாம் பக்கத்துல ஆள் நின்னு செஞ்சது, எதெல்லாம் தனியா செஞ்சதுன்னு எண்ணிக்கையைப் பிரிச்சு எழுதி, கீழே கைடு கையெழுத்து வாங்கிடுங்க.

அடுத்தது ரொம்ப முக்கியம். என்.ஏ.பி.ஹெச். (ஆஸ்பத்திரித் தரச் சான்று வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரின்னா ஒவ்வொரு நர்ஸும் மேற்பார்வை இல்லாம என்னென்ன செய்யலாம்னு எழுதி வெச்சாகணும். பிரிவிலெஜிங்னு சொல்லுவாங்க. ஸ்டாஃப் நர்ஸ் பேர்லயே சேருங்க, பரவாயில்லை. ஆனா அந்தப் படிவத்துல உங்க செயல்முறைகள் ஒவ்வொண்ணா வரணும். அது இல்லாம டாக்டர் வாய்மொழியா "நீங்களே எக்ஸ்டியூப் பண்ணிடுங்க"ன்னு சொல்லி, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு உங்க தலையிலதான் விழும். மருந்து விஷயமும் அப்படித்தான். தனியா பிரிஸ்கிரிப்ஷன் எழுதற அதிகாரம் இங்கே நமக்கு இல்லை. ஆஸ்பத்திரி எழுதி வெச்ச ஸ்டாண்டிங் ஆர்டர் (முன்கூட்டியே கொடுத்த உத்தரவு), புரோட்டோகால் (சிகிச்சை நடைமுறை) எதுவோ அதுக்குள்ளே மட்டும் கொடுக்கலாம். வேலைக்குச் சேர முன்னாடியே "புரோட்டோகால் ஃபைலைப் பார்க்கலாமா"ன்னு கேளுங்க. ஃபைலே இல்லைன்னா அங்கே உங்க படிப்புக்கு இடமில்லைன்னு வெச்சுக்கலாம்.

இன்டர்வியூல தியரி கொஞ்சம்தான், பெட்சைட் கணக்குதான் நிறைய. உதாரணம்: 60 கிலோ நோயாளி, ரத்த அழுத்தத்தை ஏத்தற நோர்அட்ரினலின் மருந்து 4 மில்லிகிராம் 50 மில்லியில கலந்திருக்கு, கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போகணும், சிரிஞ்ச் பம்ப்ல எவ்வளவு வைப்பீங்க? ஒரு மில்லியில 80 மைக்ரோகிராம். நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360. 360ஐ 80ஆல வகுத்தா மணிக்கு 4.5 மில்லி. நிமிஷத்தை மணிக்கு மாத்த மறந்துடறதுதான் பொதுவா நடக்கிற தப்பு. இன்னொண்ணு, ஆம்ப்யூல் லேபிள்ல இருக்கற எண் நோர்அட்ரினலினுக்கா, பைடார்ட்ரேட் உப்புக்கான்னு பார்க்காம விடறது. 2 மில்லிகிராம் பைடார்ட்ரேட்ல சுமார் 1 மில்லிகிராம்தான் நோர்அட்ரினலின். மாத்திப் படிச்சா டோஸ் பாதியாவோ ரெட்டிப்பாவோ போயிடும். இதை நீங்களா எடுத்துச் சொன்னீங்கன்னா இன்டென்சிவிஸ்ட் நிமிர்ந்து உட்காருவார்.

வெண்டிலேட்டர்லயும் அதே மாதிரி ஒரு பொறி வைப்பாங்க. 150 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை, ஏ.ஆர்.டி.எஸ். (தீவிர நுரையீரல் பாதிப்பு) வந்த அம்மா, டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்குப் போற காத்தோட அளவு) கிலோவுக்கு 6 மில்லின்னா எவ்வளவு? உண்மையான எடையை எடுத்துக்கிட்டு 6ஆல பெருக்கினா 420 மில்லி வரும், தப்பு. உயரத்தை வெச்சுக் கணக்குப் போட்டா அவங்க பிரெடிக்டட் எடை (உயரத்துக்கு ஏத்த எடை) 43 கிலோ, அப்போ 260 மில்லிதான். 420 வெச்சா கிலோவுக்குக் கிட்டத்தட்ட 10 மில்லி ஆயிடுது, நுரையீரல் தாங்காது.

ரசீது_பார்க்கிறவன்:
சம்பளம் பத்தி. ஆஃபர் லெட்டர்ல இருக்கற சி.டி.சி.யை (உங்களுக்காக நிர்வாகத்துக்கு ஆகற மொத்தச் செலவு) பார்த்து ஏமாந்துடாதீங்க. நிர்வாகத்தோட பி.எஃப். பங்கு 12 சதவீதம், கிராஜுவிட்டி, சில இடத்துல யூனிஃபார்ம், சாப்பாடு வரைக்கும் அதுக்குள்ளேயே சேர்த்திருப்பாங்க. கைக்கு எவ்வளவுன்னு தனியா எழுதி வாங்குங்க. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும்னா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, உங்க பங்கு 0.75 சதவீதம். நைட் அலவன்ஸ் ஒரு நைட்டுக்கு எவ்வளவு, ஆள் வராததால ரெண்டாவது ஷிஃப்ட் பார்த்தா காசா, ஆஃபா, இதையும் கேளுங்க.

பேரம் பேச ஒரு பிடி இருக்கு. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச மத்திய அரசு குழு 2016ல கொடுத்த பரிந்துரைப்படி, 200 படுக்கைக்கு மேல உள்ள தனியார் ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும். 100க்கு மேலன்னா 10 சதவீதம் வரைக்கும், 50க்கு மேலன்னா 25 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம். 50க்குக் கீழேன்னாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. பரிந்துரைதான், ஆனாலும் மேஜையில வெச்சுப் பேசலாம்.

பெரம்பூர்_லோகோ:
அரசு வேலைக்கு: ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். (மகப்பேறு ஆஸ்பத்திரி), பெரியார் நகர் எங்கேயும் வாசல்ல பயோடேட்டா கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. நர்ஸ் எடுக்கறது எம்.ஆர்.பி. (மாநில அரசோட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்). நர்சிங் டிப்ளமோவே போதும்ங்கறதால என்.பி.சி.சி.க்குத் தனி மரியாதை கிடைக்காது. 10ஆம் வகுப்புத் தரத்துல தமிழ்த் தகுதித் தேர்வு உண்டு, 50க்கு 20 எடுக்கலைன்னா மெயின் பேப்பரைத் திருத்தவே மாட்டாங்க. மாநகராட்சி நகர்ப்புற சுகாதார நிலையங்களுக்கு ஒப்பந்தத்துல எடுப்பாங்க; பக்கத்துலயே கிடைக்கும், ஆனா ஐ.சி.யூ. பழக்கம் விட்டுப்போகும்.

உங்க வயசு 30க்குள்ளேன்னா எய்ம்ஸ் நார்செட் (எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நர்ஸ் தேர்வு) எழுதுங்க. பி.எஸ்சி.காரங்களுக்கு அனுபவம் கேக்கறதில்லை, பிரிலிம்ஸ், மெயின்ஸ் ரெண்டு கட்டம், மத்திய அரசு ஊதிய லெவல் 7, அடிப்படைச் சம்பளம் 44,900. ரயில்வேயில நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பதவிக்கும் அதே லெவல்தான், ஆர்.ஆர்.பி. (ரயில்வே தேர்வு வாரியம்) பாராமெடிக்கல் அறிவிப்புல வரும். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியே கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க, வேற இடத்துலயும் போடலாம்.

ஒற்றியூர்_சிஸ்டர்:
ரொம்ப நன்றி. ஒரு இடத்துல ரெண்டு வருஷ பாண்ட் (நடுவுல விட்டா பணம் கட்டணும்ங்கற ஒப்பந்தம்), ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் கேக்கறாங்க. இன்னொண்ணு ஆயிரம் விளக்குப் பக்கம், பெரிய ஐ.சி.யூ., 12 மணி நேர ஷிஃப்ட். போய் வர முடியுமா?

ஐசியூ_இன்சார்ஜ்:
ஒரிஜினலைக் காட்டுங்க, சரிபார்த்ததும் கையோட திரும்ப வாங்கிடுங்க. அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ்தான் அவங்க ஃபைலுக்கு. நாளைக்கு எம்.ஆர்.பி.யோ நார்செட்டோ சரிபார்ப்புக்குக் கூப்பிட்டா ஒரிஜினல் இல்லாம என்ன பண்ணுவீங்க? பாண்ட்ல போட்ட தொகையையும் பாருங்க. அவங்க உங்களுக்கு உண்மையிலேயே செலவு பண்ணிப் பயிற்சி கொடுத்தாத்தான் அதுக்கு ஒரு நியாயம். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான் கேக்க முடியும், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு. எப்படியும் வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

போக்குவரத்து பிரச்சினையே இல்லை. விம்கோ நகர், திருவொற்றியூர்லேர்ந்து ப்ளூ லைன் மெட்ரோ சென்ட்ரல் வழியா நேரா ஆயிரம் விளக்குக்கே போகுது, மாற வேண்டாம். காலை 5 மணிக்கு ஆரம்பிச்சு ராத்திரி 11 வரைக்கும் ஓடுது. எட்டு மணி ஷிஃப்ட்னா ஏழரைக்கே வார்டுல இருக்கப் பாருங்க. வெண்டிலேட்டர் பெட் ஹேண்டோவரை அரை மணி நேரத்துல அவசரமில்லாம முடிக்கலாம்.

பாண்ட் கேக்கற இடத்தை நிறுத்தி வெச்சுட்டு, ஆயிரம் விளக்குல முதல்ல அந்த பிரிவிலெஜிங் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க.