கடலைப்பருப்பு விலை போட்டதற்கு ஏழு நாள் தடை

சமூக ஊடகத் தளங்கள் பதிவுகளை நீக்கலாமா கூடாதா என்று இங்கே நடக்கிற விவாதத்தைப் படித்தேன், எனக்கு நடந்ததையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் எங்களுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருக்கிறது. மஞ்சள், மல்லி, புளி, பருப்பு வகை. அப்பா காலத்தில் வீசைக்கல்லைப் போட்டு எடை பார்த்த கடை, இன்றைக்கும் எங்களுக்கு வீசை என்ற பழைய எடைக் கணக்குதான். வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பர்மியர்கள் என்பதால் வாரா வாரம் விலைப்பட்டியலைப் பர்மிய எழுத்தில் அடித்து இணையத்தில் போடுவேன். சில வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை ராத்திரி அப்படித்தான் போட்டேன். எந்தத் தளம் என்பது வேண்டாம். காலையில் பார்த்தால் பட்டியலைக் காணோம். வெறுப்பைத் தூண்டும் பேச்சு என்று ஒரு வரி, ஏழு நாளைக்கு எதுவும் போட முடியாது என்று இன்னொரு வரி. அடுத்த வாரம் பங்குனி உத்திரம், வியாபாரம் நடக்கிற நேரம். நானும் மகனும் உட்கார்ந்து பட்டியலை வரி வரியாகப் படித்தோம். துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு. நாலாவது வரியில் அவன் விரல் நின்றது. "அம்மா, கலாபே."

பர்மாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கடலைப்பருப்புக்குப் பர்மிய மொழியில் கலாபே என்று பெயர். நாற்காலிக்குக் கலாதைங். இரண்டிலும் வருகிற அந்தக் 'கலா' நாங்கள்தான். இந்தியாவிலிருந்து வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இந்துவானாலும் முஸ்லிமானாலும் எல்லோருக்கும் அந்த ஒரே சொல். என் தாத்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, தன்னையே கலா என்று சொல்லிக்கொள்வார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது வசவாகிவிட்டது. அத்தை மகள் பெயர் கலாவதி. வீட்டுக்குள் வாய் நிறைய "கலா" என்று கூப்பிடுகிற அத்தை, வாசல்படி தாண்டினால் "வதி" என்றுதான் கூப்பிடுவார்.

அதனால் அந்தச் சொல்லை ஏன் தடுத்தார்கள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எதையும் தடுக்கவே கூடாது, பேச்சுரிமை என்றால் முழு உரிமை என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள், அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து சிம் கார்டு எங்கள் ஊர்ப் பணத்தில் 1,500 கியாட்டுக்கு இறங்கியது. அதற்கு முன் லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் நாங்கள். ஃபோன் கடையிலேயே ஃபேஸ்புக் கணக்கும் திறந்து கையில் கொடுத்துவிடுவார்கள், பலருக்கு இன்டர்நெட் என்றாலே அதுதான். அதே 2014 ஜூலையில் மாண்டலேயில் ஒரு பர்மியப் பெண்ணை முஸ்லிம் டீக்கடைக்காரர்கள் கெடுத்துவிட்டதாக ஃபேஸ்புக்கில் செய்தி பரவியது. பொய்ச் செய்தி. இரண்டு உயிர் போனது, ஊரடங்கு போட்டார்கள். எங்கள் கடைக்கும் பக்கத்துப் பாய் கடைக்கும் ஒரே சுவர். கலவரம் ரங்கூனுக்கும் வந்துவிடும் என்ற பயத்தில் அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில் படுத்தார். பாயின் மனைவி, அந்த அக்கா, ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்ததை என்னால் மறக்க முடியாது.

அப்புறம் 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா முஸ்லிம்கள் மேல் ராணுவம் நடத்திய வன்முறை உலகத்துக்கே தெரியும். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அதை விசாரித்த ஐ.நா. குழுவின் தலைவர் மர்சுகி தாருஸ்மான், இதில் சமூக ஊடகம் தீர்மானகரமான பங்கு வகித்தது என்று 2018 மார்ச்சில் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு பெரிய செய்தி போட்டது. 2015 தொடக்கத்தில் ஃபேஸ்புக்கில் புகார்களைப் படித்துப் பார்க்கப் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் இருந்தார்களாம். அந்தச் செய்தியில் இன்னொன்றும் இருந்தது. கண்ணில் படுகிற கலாக்களை எல்லாம் கொல்லுங்கள் என்று பர்மிய மொழியில் ஒருவன் எழுதியதை, மியன்மாரில் எனக்கு ஒரு வானவில் இருக்கக் கூடாது என்று ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு காட்டியதாம். அந்த இடத்தில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். எங்களைக் கொல்லச் சொன்ன வரி அது.

2018 முடிவதற்குள் பர்மிய மொழி தெரிந்தவர்களை நூறு பேர் அளவுக்கு ஃபேஸ்புக் வேலைக்கு எடுத்தது, ராணுவத் தளபதியின் பக்கத்தையே தூக்கியது. சரி, செய்தார்கள். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2017-ல், 'கலா'வை வசவுச் சொல் என்று தடையில் சேர்த்ததும் கலாபே, கலாதைங் என்று எழுதிய பதிவுகளும் சேர்ந்து பறந்தன. அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று புத்தி சொல்லி எழுதியவர்களின் பதிவும் போனது. ஆளைத் திட்டினால்தான் எடுக்க வேண்டும் என்பதுதான் விதி, சூழலைப் புரிந்துகொள்வதில் சிக்கல் இருக்கிறது என்று ஃபேஸ்புக்கே அந்த ஜூனில் ஒத்துக்கொண்டது. சீனாவுக்கும் சீனருக்கும் பர்மியத்தில் ஒரே சொல். சீன அரசைத் திட்டிய ஒரு பதிவைச் சீன மக்களைத் திட்டியதாக எடுத்துக்கொண்டு ஃபேஸ்புக் நீக்கியது, அது தவறு என்று, நீக்கியது சரியா என்று பார்க்க அவர்களே அமைத்த மேற்பார்வை வாரியம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. சோறு தின்கிற வாயால் பேசுகிற மொழி இது, எந்தச் சொல் எங்கே சுடும் என்று இங்கே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஆங்கிலத்தில் நாலு காரணம் வரும், ஒன்றைத் தொடலாம், அவ்வளவுதான். 'ஐயா, இது பருப்பு' என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அந்த ஏழு நாளுக்குள் அதே தளத்தில், எங்கள் கோயில் ஊர்வலப் படத்துக்குக் கீழே ஒருவன் எழுத்துக்கு நடுவே புள்ளி புள்ளியாக வைத்து அதே சொல்லை எழுதி, உங்கள் நாட்டுக்கே போங்கடா என்று போட்டிருந்தான். நாங்கள் பதினைந்து பேர் புகார் கொடுத்தோம். அது அங்கேயே இருந்தது. என் பட்டியல் பத்தாம் நாள் தானாகத் திரும்பி வந்தது, போன வார விலையோடு.

நானும் ஒரு இடத்தில் நீக்குகிற ஆள்தான். அன்னதானத்துக்காக ஒரு குரூப் வைத்திருக்கிறோம், 200 பேர் அளவில். ஒரு நாள் மாமா ஒருவர், பக்கத்து வட்டாரத்தில் இன்னார் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வந்த குரல் பதிவை அப்படியே அனுப்பிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம். ஃபோனில் கூப்பிட்டு, "ஏம்மா, நேத்துப் பொறந்த நீ என் வாயைப் பொத்துறியா?" என்றார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். 2014-ல் பாய் வீட்டு அக்கா படுத்திருந்த கதையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு டீ கொடுத்தார். இன்னொரு முறை நான்தான் தப்பு செய்தேன், வேறு எதுவோ என்று நினைத்து ஒரு துக்கச் செய்தியை நீக்கிவிட்டேன். அந்த வீட்டுத் தம்பி கூப்பிட்டான், மன்னிப்புக் கேட்டு உடனே திரும்பப் போட்டேன். அவனுக்கு என் நம்பர் தெரியும், என் வாசல் தெரியும்.

தனியார் கம்பெனிதானே, அவர்கள் வீடு, அவர்கள் வைத்தது சட்டம், பிடிக்காவிட்டால் வெளியே போ என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018-ல் 1.8 கோடிப் பேர் ஃபேஸ்புக்கில் இருந்தார்கள். கடை, செய்தி, கல்யாண அழைப்பு, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கேட்பது எல்லாம் அதற்குள்ளே. எங்கே வெளியே போவது? 2021 பிப்ரவரி 1-ல் ஆட்சி மாறி, நாலாம் தேதி ராணுவம் ஃபேஸ்புக்கையே அடைத்தபோது ஊரே தடையைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு திரும்ப அதற்குள்தான் போனது. ஒரு பதிவுக்காக ஜெயிலுக்குப் போகிற காலமும் வந்தது. இதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன், இங்கே இருப்பவர்களுக்குக் காரணம் புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். நீக்கட்டும், வசவை நீக்கத்தான் வேண்டும். நீக்குகிறவர் எங்கள் மொழி தெரிந்தவராக இருக்கட்டும், தப்பென்றால் போய்க் கேட்க எனக்கு ஒரு ஆள் இருக்கட்டும்.

இப்போது பட்டியலில் கடலைப்பருப்புக்குப் பெயர் போடுவதில்லை. ஒரு கிண்ணத்தில் பருப்பைப் போட்டுப் படம் எடுத்து, பக்கத்தில் வீசை விலையை மட்டும் எழுதுகிறேன். மோல்மேன், பெகு பக்கம் கடை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள், எழுதுங்கள்.