ஸ்டிரைக் நாட்களில் மலையில் மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோத்தகிரி தோட்டக்காரன்:

நானே தொடங்குகிறேன். 2018 ஜனவரி 4, மாலை. அம்மாவுக்குக் கண் பரிசோதனை முடித்து மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் மலைக்கு வண்டி இல்லை. அரசு பஸ் ஊழியர்களின் சம்பளப் பேச்சு முறிந்து ஸ்டிரைக்காம். கீழே இருப்பவர்களுக்குத் தனியார் பஸ் உண்டு. எங்களுக்கு அரசு பஸ்ஸை விட்டால் ஜீப்புதான். ஜீப்காரர் நாலு மடங்கு கேட்டார். கண்ணில் மருந்து விட்ட அம்மாவை வைத்துக்கொண்டு என்ன பேரம் பேசுவது? கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தற்காலிக ஓட்டுநரைப் போட்டு ஒரு பஸ் விட்டார்கள். நான் அதில் ஏறினேன். சங்கத்துக்கு எதிரான என் ஓட்டு என்று மனதுக்குள் ஒரு பெருமை. பையன் கீழ்நாட்டு லாரி டிரைவர். இறக்கத்தில் மூன்றாவது கியர், பிரேக்கிலேயே கால். கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். "ரெண்டாவது கியருக்கு வா தம்பி, ஏறுன கியர்லதான் இறங்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். அவர் ஓய்வு பெற்ற டிரைவராம். அடுத்த நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கிவிட்டோம். பெருமையும் அங்கேயே இறங்கியது.

பக்கத்து வீட்டில் ஒரு கண்டக்டர், ஸ்டிரைக்கில் இருந்தவர். வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவரிடம் சண்டைக்கே போனேன். சம்பள உயர்வுக்கு அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்க நீங்கள் கேட்பது 2.57 மடங்கு, அரசு தருவது 2.44. இந்தப் புள்ளிக்காக ஊரையே நிறுத்துவீர்களா என்றேன். "அண்ணா, அதை விடுங்க. எங்க சம்பளத்துல பிடிச்ச பி.எஃப். பணத்தையே கட்டாம செலவு பண்ணிட்டாங்க" என்றார். சங்கங்கள் சொன்ன பாக்கிக் கணக்கு 7,000 கோடி. எனக்கு வாய் அடைத்துவிட்டது.

இருந்தாலும் அரசு தொழில் நடத்தக் கூடாது என்ற என் கருத்து மாறவில்லை, இன்னும் கெட்டியானது என்றே சொல்லலாம். 2011 நவம்பருக்குப் பிறகு ஆறு வருடம் டிக்கெட் விலையைத் தொடவில்லை. தேர்தல் பயம். டீசல் மட்டும் ஏறியது. அந்த ஓட்டையைத் தொழிலாளியின் சேமிப்பை வைத்து அடைத்திருக்கிறார்கள். தனியார் முதலாளி இதைச் செய்தால் உள்ளே தள்ளுவார்கள். ஓட்டுக்குப் பயப்படுகிறவன் முதலாளியாக இருக்கும்வரை, பஸ்ஸை நிறுத்தினால்தான் காது கேட்கும் என்று சங்கமும் பழகிவிடும். 11-ஆம் தேதி இரவு ஸ்டிரைக் முடிந்தது, 20-ஆம் தேதி கட்டணம் ஏறியது. இரண்டு தரப்புக்கும் சேர்த்துக் கட்டியது யார்? உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகி உட்கார்ந்திருந்த எங்களைப் போன்றவர்கள். எனக்குப் பஞ்சப்படி கிடையாது. இலை விலை இறங்கினால் நான் யாரிடம் ஸ்டிரைக் செய்வது?

மஞ்சூர் டீச்சர்:

ஸ்டிரைக் செய்த பக்கத்திலிருந்து ஒன்று. 2003 ஜூலையில் என் வேலை போனது. என்னோடு சுமார் 1,70,000 பேருக்கு. விசாரணை கிடையாது, அவசரச் சட்டம். ஓய்வூதியச் சலுகையைக் குறைத்ததற்காகத்தான் இறங்கினோம். ஊர்க் கடையில் அரிசி கடன் கேட்டபோது கடைக்காரர், "கவர்மெண்டு ஆளுக்கே இந்த நிலைமையா டீச்சர்?" என்று கேட்டார். பரிதாபமா, சந்தோஷமா என்று இன்றுவரை புரியவில்லை. ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம், ஸ்டிரைக் செய்ய எங்களுக்கு உரிமையே இல்லை என்றது. மன்னிப்பு எழுதிக் கொடுத்து உள்ளே போனேன். அடுத்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டு ஆளுங்கட்சிக்கு ஓர் இடம்கூட வரவில்லை, உடனே நடவடிக்கைகள் வாபஸ். ஆக, நீங்கள் சொல்லும் ஓட்டுப் பயம்தான் எங்களைக் காப்பாற்றியது.

அப்புறம் ஐயா, 2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே. நீங்கள் அந்தப் பக்கம் போகவில்லையா?

சேரம்பாடி பையன்:

என் தாத்தா 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். எங்களைப் போன்றவர்களைக் குடிவைக்க 1968-இல் அரசு தொடங்கியதுதான் இன்றைய டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். கட்சிக்கு ஒரு யூனியன் உண்டு, கொடி மட்டும் வேறு. போனஸ் நேரத்தில் எல்லாரும் கேட்டில் நிற்பார்கள், மற்ற நாளில் யாரையும் காணோம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2022-இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசாணை வந்தபோது, நஷ்டக் கம்பெனியை மூடினால் என்ன என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். லாபக் கணக்கு பார்க்கிற எஸ்டேட்டாக இருந்திருந்தால், கப்பலில் வந்து இறங்கின தாத்தாவை யார் சேர்த்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கோத்தகிரி தோட்டக்காரன்:

தம்பி, நீ கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை, யோசிக்கிறேன்.

டீச்சர், மாட்டிவிட்டீர்கள். போனேன். இரண்டு நாள் பந்தலில் உட்கார்ந்தேன். அரசு விலை சொல்ல வேண்டும் என்று நானும் கை தூக்கினேன், என் கொள்கைக்கு அது இடிக்கிறது, தெரியும். ஆனால் இரண்டு நாளும் காலையில் இலையைப் பறித்து பேக்டரிக்கு ஏற்றிவிட்டுத்தான் போனேன். கேட்ட விலை வரவில்லை.